சோமனூரில் பதினோரு குஞ்சுகள்

பெரியம்மா போனில் பேசினால் பின்னால் தறிச் சத்தமும் சேர்ந்தே வரும். அதற்கு மேலே குரலை உயர்த்திப் பேசிப் பேசி, சத்தமே இல்லாத இடத்திலும் அவருக்குக் கத்தித்தான் பேச வரும். கார்த்திகை பிறந்த நாலாம் நாள் விடியற்காலையில் கூப்பிட்டார்.

"குஞ்சுக மூஞ்சியெல்லாம் கடுகு கடுகா மொளச்சிருக்குது கண்ணு. ஒன்னுக்குக் கண்ணே மூடிப்போச்சு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ சாமி."

நான் மருத்துவன் அல்ல. ஆடு, மாடு, கோழி பற்றி எழுதுகிறவன், அவ்வளவுதான். பெரியம்மாவோ நாற்பது வருடமாகக் கோழி வளர்க்கிறவர். வெள்ளைக்கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் கோழிக் கொடாப்பு காலியானபோதுகூட யாரையும் கூப்பிட்டதில்லை. அவர் கூப்பிட்டுவிட்டார் என்றால் போய்த்தான் ஆக வேண்டும்.

கோவை சந்திப்பில் பாசஞ்சர் ஏறினேன். ரயில் நிலையத்திலிருந்து அதிக தூரமில்லாத உப்பிலிபாளையத்தில் தண்டு மாரியம்மன் கோயில் இருக்கிறது. திப்பு சுல்தானின் படை தண்டு இறங்கிய இடத்து அம்மன் என்றும், படைவீரர்களுக்குக் கண்ட அம்மையை அவள்தான் தீர்த்து வைத்தாள் என்றும் ஊரில் கதை சொல்வார்கள். கொங்கு நாட்டில் அம்மையைச் 'சீக்கு' என்று சொல்ல மாட்டார்கள். 'அம்மா வந்திருக்கிறாள்' என்பார்கள். கோழிக்கு வந்தாலும் அதே பேச்சுதான். வடகோவை, பீளமேடு, சிங்காநல்லூர், இருகூர், சூலூர் ரோடு என்று வண்டி நின்று நின்று போக, எனக்கு அந்தப் பேச்சே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் விடாமல் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. தண்டவாளத்தை ஒட்டிய பள்ளங்களில் எல்லாம் தண்ணீர். தட்டுப்பயிர் கழுத்துவரை வளர்ந்து நின்றது.

சோமனூரில் இறங்கினால் முதலில் ஒன்றும் கேட்காது. ரயில் திருப்பூர்ப் பக்கம் நகர்ந்து போன பிறகுதான் அடியிலிருந்து அந்தச் சத்தம் மேலே வரும். ஊர் முழுக்க விசைத்தறி. ஒவ்வொரு தெருவிலும் குடோன், ஒவ்வொரு குடோனிலும் எட்டோ பதினாறோ தறிகள். கூலிக்கு நெய்கிற ஊர் இது. பாவு நூல் சுற்றிய பீம்களை ஏற்றிக்கொண்டு டெம்போக்கள் போகும். காடாத் துணி மூட்டைகளோடு திரும்பி வரும். கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்துகிற நாட்களில் மட்டும்தான் ஊர் அமைதியாக இருக்கும். அந்த அமைதியை இங்கே யாரும் விரும்புவதில்லை.

பெரியம்மா வீடு சாமளாபுரம் போகிற வழியில். முன்பக்கம் எட்டுத் தறிக் குடோன். பின்பக்கம் கட்டுத்தரை, ஒரு வேம்பு, இரண்டு எருமை, இருபதுக்கு மேல் கோழி. புரட்டாசி பிறக்கும்போது பொரித்த குஞ்சுகள் பதினொன்று இருந்தன. இப்போது அவற்றுக்கு இரண்டு மாதம். தாய் கொத்தி விரட்டத் தொடங்கிவிட்ட வயது. கொடாப்பின் மேல் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தது.

"அம்மை போட்டிருக்குதுன்னு தெரியும் கண்ணு. ஆனா இத்தன குஞ்சுக்கு ஒரே நேரத்துல வந்து நான் பாத்ததில்ல."

ஏழு குஞ்சுகளுக்கு இருந்தது. ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தோம். ஒன்றின் கொண்டை இன்னும் முளைக்கவே இல்லை; அந்த இடத்தில் சாம்பல் வெள்ளையாக நாலைந்து புள்ளிகள் மட்டும் தெரிந்தன. இன்னொன்றுக்கு அலகின் ஓரத்தில் மஞ்சள் கலந்த கொப்புளம். மற்றொன்றுக்கு அவை ஒன்றோடொன்று சேர்ந்து, காய்ந்து, கருத்து, பாலுண்ணி போலப் பொருக்குத் தட்டி நின்றன. இறகு மூடாத இடங்களில்தான் எல்லாமே: கொண்டை, தாடி, கண் இமை, அலகு ஓரம். ஒரே சீக்கின் முதல் நாளும் நடு நாளும் கடைசி நாளும் ஒரே கொடாப்புக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

கண் மூடிப்போன குஞ்சு ஒரு மூலையில் குறாவி நின்றது. செம்பழுப்பு நிறப் பெட்டைக்குஞ்சு. இரண்டு இமைகளிலும் பொருக்கு. நீர் வடிந்து காய்ந்து இமை ஒட்டிப் போயிருந்தது. கழுத்துக்குக் கீழே தீனிப்பையை விரலால் தொட்டேன். பொரித்து இரண்டு மாதமான குஞ்சுக்குக் காலை பத்து மணிக்கு அந்தப் பை கம்பும் சோறுமாக நிறைந்து, உருண்டையாக இருக்க வேண்டும். இதற்கோ விரலில் தட்டுப்பட ஒன்றுமே இல்லை. தோல் தோலோடு ஒட்டியிருந்தது.

நான்கு வீடு தள்ளி ஒரு அக்கா தன் குஞ்சுகளின் பொருக்கைப் பிளேடால் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு தடவியிருக்கிறார். ஐந்து செத்துவிட்டன. வேறொருவர் மருந்துக் கடையில் ஏதோ மஞ்சள் பொடி வாங்கித் தண்ணீரில் கலக்கி வைத்திருக்கிறார். கண் தெரியாத குஞ்சு தண்ணீர்த் தட்டு எங்கே இருக்கிறது என்று கண்டால்தானே குடிக்கும்? இவர்கள் யாரும் அசட்டையாக இருந்தவர்கள் அல்ல. ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பதைப்பில் செய்தவர்கள். எனக்கு அதுதான் மனதை அறுத்தது.

ஒயர் கூடையில் பழைய செய்தித்தாள் விரித்து, கண் மூடிய குஞ்சையும் இன்னொன்றையும் வைத்து, பெரியப்பாவின் டிவிஎஸ் வண்டியில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். சின்ன வயது டாக்டரம்மா. வரிசையில் ஒரு சினை மாடும் நாலு வெள்ளாடும் எங்களுக்கு முன்னால் நின்றன. இரண்டு குஞ்சுக்காக வந்திருக்கிறோமே என்று எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவர் அப்படி நினைக்கவில்லை. குஞ்சை வாங்கியதும் முதலில் முகத்தைப் பார்க்காமல் அலகைத் திறந்து டார்ச் அடித்து வாய்க்குள்ளே பார்த்தார்.

"உள்ள சுத்தமா இருக்குதுங்க. அப்ப பொழச்சுக்கும்."

கோழி அம்மை இரண்டு விதமாக வரும் என்றார். தோலோடு நின்றுவிடுவது ஒன்று. வாய்க்கும் தொண்டைக்கும் இறங்கி, பாலாடைக்கட்டி மாதிரி மஞ்சளாகப் படர்ந்து மூச்சுக்குழலை அடைப்பது இன்னொன்று. பின்னதில்தான் சாவு அதிகம். அதனால் முகத்தில் கொப்புளம் கண்டவுடன் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். மூச்சு விடும்போது கரகரப்பு கேட்டாலோ, கோழி கழுத்தை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடினாலோ தாமதிக்கவே கூடாது.

முகத்தில் முளைப்பது எல்லாம் அம்மையும் அல்ல. பக்கத்து மேசையில் யாரோ கொண்டு வந்திருந்த ஒரு பெட்டைக்கோழியின் கண்ணைச் சுற்றிக் கறுப்பாக மிளகு தூவினது போல இருந்தது. நான் அம்மை என்றேன். அவர் இடுக்கியால் ஒன்றை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். அது நகர்ந்தது. தெள்ளு. தலையைத் தோலுக்குள் புதைத்துக்கொண்டு கூட்டமாக ஒட்டிக்கொள்ளும் ஜாதி. இதற்கு அம்மை வைத்தியம் செய்தால் கோழி ரத்தம் வற்றியே போய்விடும். காலில் செதில் தூக்கி வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்தது போல் இருந்தால் அது கண்ணுக்குத் தெரியாத செள்ளு வகைப் பூச்சியின் வேலை. பாதத்தின் அடியில் ஆணி போலக் கருத்த கட்டி இருந்தால் அது சீழ் வைத்தது. இறகின் வேர்க்காலெல்லாம் தடித்து, கூடவே ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக இழுத்துக்கொண்டால் மேரக்ஸ் என்று சந்தேகப்பட வேண்டும். 1907இல் யோசெஃப் மாரெக் என்ற ஹங்கேரி மருத்துவர் முதலில் எழுதி வைத்த நோய் அது. குஞ்சு பொரித்த முதல் நாளே ஊசி போட்டால்தான் அதைத் தடுக்க முடியும். வந்த பிறகு வைத்தியம் இல்லை.

"அம்மைக்கு மருந்து என்னங்க?" என்று பெரியம்மா கேட்டார்.

"அம்மைக்குன்னு மருந்து இல்லீங்கம்மா. மூணு நாலு வாரத்துல தானா உதிர்ந்துரும். அதுவரைக்கும் குஞ்சு உசுரோட இருக்கோணும். அதுக்குத்தான் வைத்தியம்."

அவர் சொன்னதில் இதை நான் மறக்கவே மாட்டேன். தோலோடு நிற்கிற அம்மையில் குஞ்சு பெரும்பாலும் அம்மையால் சாவதில்லை. கண் ஒட்டிப் போய், இரை தெரியாமல், தண்ணீர் தெரியாமல், பசியால் சாகிறது. தெளிவாக இருக்கிற குஞ்சுகள் அதை மிதித்துக்கொண்டு தின்றுவிட்டுப் போய்விடும். நாம் முகத்துப் பொருக்கையே பார்த்துக்கொண்டிருப்போம். தீனிப்பையைத் தொட்டுப் பார்க்க மாட்டோம்.

அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தோம். பெரியம்மா தண்ணீரைக் கொதிக்க வைத்து, உப்புப் போட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற விட்டிருந்தார். குஞ்சை முந்தானையில் சுற்றித் தலை மட்டும் வெளியே தெரிய மடியில் வைத்துக்கொண்டார். பஞ்சை நனைத்து இமையின் மேல் வைத்தார். துடைக்கவில்லை, வைத்துக்கொண்டே இருந்தார். பஞ்சு ஆறியதும் வேறு பஞ்சு. கால் மணி நேரம் கழித்து இடது இமையின் ஓரத்தில் ஒரு நூலளவு பிளவு தெரிந்தது. பொருக்கை அவர் தொடவே இல்லை. நாற்பது வருடமாக அறுந்த பாவு நூலைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்ட விரல்கள். அந்த விரல் நுனியால் இமையை மேலே ஏற்றினார். உள்ளே வெள்ளைப் படலம் மூடிய கண். வலது இமை திறக்க இன்னும் கால் மணி நேரம் ஆனது. அதில் கண் கறுப்பாக, தெளிவாக இருந்தது. விளக்கைப் பார்த்துச் சிமிட்டியது.

டாக்டரம்மா கொடுத்த கண் களிம்பைத் தடவினோம். கண்ணில் படாமல் பொருக்குகளின் மேல் மட்டும் பொவிடோன் அயோடின் ஒற்றினோம். அது அம்மையை ஆற்றாது. புண்ணில் வேறு கிருமி ஏறிச் சீழ் வைக்காமல் பார்த்துக்கொள்ளும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசலாமா என்று பெரியம்மா கேட்டதற்கு, தாராளமாகப் பூசலாம், சுரண்ட மட்டும் கூடாது என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ந. புண்ணியமூர்த்தி தஞ்சாவூரில் இந்த மூலிகை வைத்திய முறைகளையெல்லாம் திரட்டிச் சோதித்து, கால்நடை மருத்துவர்கள் கையிலேயே கொண்டு சேர்த்தவர். பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கிய காலம் போய்விட்டது. எனக்கு அதில் நிறைவு உண்டு.

பிறகு ஊட்டல். குழைந்த சோற்றில் பொடிப்பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரையைப் பிசைந்து, மிளகளவு உருண்டைகளாக உருட்டினார். முருங்கையில் 'ஏ' வைட்டமின் நிறைய; கண்ணுக்கும் தோலுக்கும் அது வேண்டும். அலகின் ஓரத்தைத் திறந்து ஒவ்வொன்றாக வைத்தார். தண்ணீரை இங்க் பில்லரில் எடுத்து அலகின் பக்கவாட்டில் சொட்டுச் சொட்டாக விட்டார். நேரே ஊற்றினால் மூச்சுக்குழலுக்குப் போய்விடும். பத்து உருண்டை ஆனதும் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். சின்ன நெல்லிக்காய் அளவுக்கு உருண்டிருந்தது. இப்படி ஒரு நாளைக்கு நான்கு வேளை. தறிக்குப் பாவு பிணைக்கிற நேரத்துக்கு நடுவிலும் அவர் இதை விடவில்லை.

அம்மை எப்படி வந்தது என்பதற்குப் பதில் வாசலிலேயே இருந்தது. இந்தக் கிருமி முழுத்தோலுக்குள் தானாக நுழையாது. கீறலோ கடியோ வேண்டும். கொசு அதைச் செய்து கொடுக்கிறது. சீக்குக் கோழியைக் கடித்த கொசு, ஊசி முனையில் ஒட்டிய மருந்தைப் போலக் கிருமியைத் தன் வாயில் பல நாள் சுமந்துகொண்டு போய் அடுத்ததைக் கடிக்கிறது. கடித்த நாலிலிருந்து பத்து நாளுக்குள் கொப்புளம் முளைக்கிறது. மழைக்குப் பின் அம்மை வருவதன் காரணம் இதுதான். குடோன் ஓரத்தில் மூன்று பழைய டயர், உடைந்த சிமென்ட் தொட்டி, தார்க்குச்சி போட்டு வைத்த டப்பா என எல்லாவற்றிலும் புழு நெளிந்தது. பெரியப்பா ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். கவிழ்க்க முடியாத தொட்டியில் மண்ணெண்ணெய்க்குப் பதிலாகக் கொஞ்சம் வேப்பெண்ணெய் ஊற்றினார். பொழுது சாயும்போது நொச்சியும் வேப்பிலையும் போட்டுப் புகை. சீக்குக் குஞ்சுகளைத் தனிக் கொடாப்பில் கவிழ்த்துப் பழைய கொசுவலையால் மூடினோம்.

ராத்திரி பெரியம்மா மெதுவாகக் கேட்டார்: "நம்ம பேரனுக்கு ஒட்டிக்குமா கண்ணு?" ஒட்டாது. குழந்தைகளுக்கு வருகிற சின்னம்மையை இங்கிலீஷில் கோழி அம்மை என்கிற மாதிரி ஒரு பெயரால் சொல்வதால் வருகிற பயம் இது. சின்னம்மைக் கிருமி வேறு குடும்பம். கோழி அம்மைக் கிருமி பெரியம்மை இனத்துக்கு உறவு. ஆனால் பறவைகளைத் தாண்டி மனிதருக்கு வராது. அந்தப் பெரியம்மையையே 1980இல் உலகத்தை விட்டு விரட்டியாகிவிட்டது. கோழிக்கு மட்டும் அம்மா இன்னும் வந்து போகிறாள்.

கோழி அம்மைக்கு மனிதர்கள் பட்ட கடன் ஒன்று உண்டு. 1931இல் அமெரிக்காவின் நாஷ்வில்லில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் உட்ரஃப், எர்னஸ்ட் குட்பாஸ்ச்சர் இருவரும் கோழி அம்மைக் கிருமியைக் கருக்கொண்ட முட்டையின் ஓட்டில் சன்னல் போலத் துளை வெட்டி உள்ளே வளர்த்துக் காட்டினார்கள். வேறு கிருமி கலக்காமல் வைரஸை வளர்க்க ஒரு வழி அப்படித்தான் கிடைத்தது. பின்னாளில் மஞ்சள் காய்ச்சலுக்கும் இன்புளூயன்சாவுக்கும் தடுப்பு மருந்து முட்டையில் தயாரானது அந்த வழியில்தான். கோழிக்குஞ்சின் கண்ணோரத்துக் கடுகில் தொடங்கிய வேலை கோடிக்கணக்கான மனித உயிர்கள் வரை போய்ச் சேர்ந்தது.

மறுநாள் பல்லடம் பக்கம் போனேன். சாலையின் இரு புறமும் நீள நீளமாக ஒப்பந்தக் கறிக்கோழிப் பண்ணைகள். உடுமலைப்பேட்டையில் 1984இல் சிறிதாகத் தொடங்கிய சுகுணா போன்ற நிறுவனங்கள் குஞ்சும் தீவனமும் மருந்தும் கொடுத்து, வளர்ப்புக் கூலி கொடுக்கும் முறையை இந்தப் பக்கமெல்லாம் பரப்பின. விசைத்தறிக் கூலி நெசவும் இதே ஏற்பாடுதான் என்று பெரியப்பா சொல்வார். கறிக்கோழி நாற்பது நாளை ஒட்டி விற்பனைக்குப் போய்விடுவதால் அதற்குப் பொதுவாக அம்மைத் தடுப்பூசி போடுவதில்லை. நாமக்கல்லில் முட்டைக்கோழி ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும், அதற்குப் போட்டுவிடுவார்கள். வாசலில் மேய்கிற நாட்டுக்கோழிதான் நடுவில் விட்டுப்போகிறது. வருடா வருடம் பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை ஊர் ஊராக இலவச முகாம் நடத்துவது வெள்ளைக்கழிச்சலுக்கு. அது நல்ல காரியம், எத்தனையோ வீட்டுக் கோழிகளைக் காப்பாற்றியிருக்கிறது. அம்மை ஊசியை நாம்தான் நினைவு வைத்துக் கேட்டு வாங்க வேண்டும்.

அதில் ஒரு இடைஞ்சல். ராணிப்பேட்டையில் 1932இலிருந்து இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் ஆகட்டும், தனியார் ஆகட்டும், ஒரு குப்பியில் நூறு இருநூறு கோழிக்கு மருந்து இருக்கும். கலக்கிவிட்டால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பதினோரு குஞ்சுக்கு யார் குப்பி உடைப்பார்கள்? பெரியம்மாவே வழி சொன்னார். தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பிளேடால் சுரண்டிய அக்காதான் முதலில் கோழிகளைக் கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வேப்பமரத்தடியில் குஞ்சும் வெடையும் சேவலுமாக எண்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. ஐஸ் பெட்டியில் மருந்து வந்தது.

இறக்கையை விரித்தால் மடிப்பில் இறகில்லாத மெல்லிய தோல் ஒன்று தெரியும். இரட்டை முனை ஊசியை மருந்தில் நனைத்து, நரம்பு படாமல், அந்தத் தோலில் அடியிலிருந்து ஒரே குத்து. குஞ்சு கத்தக்கூட நேரமில்லை. ஆறிலிருந்து எட்டு வார வயதில் போடுவது வழக்கம். ஏற்கெனவே அம்மை கண்ட ஏழுக்கும் போடவில்லை. தேறினால் அவற்றுக்கு எதிர்ப்புத் தானாகவே வந்துவிடும். தெளிவாக இருந்த நாலுக்கும் போட்டோம். உள்ளே கிருமி ஏற்கெனவே புகுந்திருந்தால் இவற்றுக்கும் வரலாம் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். பத்து நாளுக்குள் குத்திய இடத்தில் ஒரு சின்னத் தடிப்பு வந்தால் ஊசி பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். தடிப்பு வராவிட்டால் மறுபடி போட வேண்டும்.

பத்தாம் நாள் மறுபடி போனேன். நாலு குஞ்சின் இறக்கையிலும் தடிப்பு இருந்தது. ஏழில் ஒன்று தொண்டைக்கு இறங்கி மூன்றாம் நாளே போய்விட்டிருந்தது. ராத்திரியெல்லாம் பெரியம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மீதி ஆறுக்கும் பொருக்கு காய்ந்து விளிம்பு தூக்கத் தொடங்கியிருந்தது. கீழே உதிர்ந்ததை எல்லாம் ஒரு பழைய தீப்பெட்டியில் பொறுக்கி வைத்திருந்தார். காய்ந்த பொருக்கில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், அதை அப்படியே அடுப்பில் போட்டார்.

அன்றைக்கு மாதாந்திர மின்தடை. காலை ஒன்பது மணிக்குத் தெருவில் எல்லாத் தறியும் ஒரே சமயத்தில் நின்றன. காது வலிக்கிற மாதிரி ஓர் அமைதி. அப்போதுதான் கொடாப்பிலிருந்து கீச்சுச் சத்தம் கேட்டது.

"இத்தன நாளு இதுக கத்துனது எனக்குக் கேக்கவே இல்லியே கண்ணு," என்றார் பெரியம்மா.

கொடாப்பைத் தூக்கினார். குஞ்சுகள் ஓடி வந்தன. செம்பழுப்புப் பெட்டைக்குஞ்சுக்கு இடது கண் வரவில்லை. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு கடைசியாக வந்தது. பெரியம்மா ஒரு கைப்பிடிக் கம்பை எடுத்து மற்றவற்றுக்கு முன்னால் தூவினார். கொஞ்சத்தை மட்டும் தனியாக எடுத்து, குனிந்து, அதன் வலது பக்கமாகப் போட்டார்.